10 மீட்டர் பலகை வேண்டாம்: தூண்டில் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகிகளுக்கு வணக்கம்.

கரையோரம் நீங்கள் நட்டு வைக்கிற அறிவிப்புப் பலகையைப் பற்றித்தான் இந்த மடல். எத்தனை தூண்டில் கம்பு போடலாம், எந்த அளவுக்குக் குறைந்த மீனைத் திரும்ப விட வேண்டும், எந்த மாதத்தில் தூண்டில் போடக் கூடாது, குப்பை போடாதே, தீ மூட்டாதே என்று மீனுக்கும் புல்லுக்கும் மரத்துக்கும் வேண்டிய விதியெல்லாம் அதில் இருக்கிறது. கரையில் நிற்கிற ஆளும் ஆளும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு மட்டும் கடைசியில் ஒரே ஒரு வரி: மற்றவர்களுக்கு இடையூறு செய்யாதீர்கள். எது இடையூறு என்று யாருக்குத் தெரியும்? பக்கத்தில் வந்து நின்றவர் தான் ஒரு இடையூறும் செய்யவில்லை என்று சத்தியம் செய்வார், முதலில் வந்தவர் இதைவிடப் பெரிய இடையூறு உலகத்திலேயே இல்லை என்பார், இரண்டு பேரும் கை நீட்டிக் காட்டுவது அந்த ஒரே வரியைத்தான்.

இந்தச் சண்டையைத் தீர்க்கச் சுலபமாகத் தோன்றும் வழி ஒன்று உண்டு. இரண்டு பேருக்கு நடுவில் இத்தனை மீட்டர் என்று பெயிண்டில் எழுதிவிடுவது. 10 மீட்டர் என்பார் ஒருவர், 20 என்பார் இன்னொருவர், ஒரு கூட்டத்தில் பேசி நடுவில் ஒரு எண்ணைப் பிடித்துத் தீர்மானம் போட்டுவிடலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மீட்டர் விதி வந்தால் சண்டை நிற்காது, கையில் டேப்பை வைத்துக்கொண்டு தொடரும், அவ்வளவுதான். கேட்டுவிட்டு வா, நிற்கிற வரைக்கும்தான் உன் இடம், ஓடுகிற தண்ணீரில் முறை வைத்துப் போடு. இந்த மூன்றையும் எழுதினால் போதும் என்பது என் கட்சி. ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த மீட்டர் கணக்கு. தேங்கிய தண்ணீரில் காலடியிலேயே தக்கை போட்டு உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், நடுவில் மூன்று மீட்டர்தான் இருந்தாலும், நாள் முழுக்க ஒருவர் வேலையில் இன்னொருவர் குறுக்கிடாமல் இருந்துவிட்டுப் போகலாம். அவர்களில் ஒருவருக்குப் பதில் லூர் என்கிற பொய் இரையை வீசுகிறவர் வந்து நின்றால் கதையே வேறு. அவர் நேராக ஒன்று, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று வீசி வீசித்தான் மீனைத் தேடுவார், ஒவ்வொரு வீச்சும் 40 மீட்டர் போகிறது என்றால் அவருக்கு வேண்டியது அந்த அளவுக்கு ஒரு அரைவட்டத் தண்ணீர். அவருக்கு 10 மீட்டர் போதாது, தக்கைக்காரருக்கு 10 மீட்டர் தேவையே இல்லை. இருவருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தால் ஒருவருக்கு அநியாயம், இன்னொருவருக்கு வீண்.

ஓடும் தண்ணீரில் இன்னும் மோசம். மேலே நிற்பவர் விட்ட தக்கை அங்கேயே நின்றுகொண்டிருக்காது, நீரோடு மிதந்து கீழே நிற்பவர் முகத்துக்கு நேரேதான் போகும். அது மிதந்து போகிற அந்த நீளம் முழுவதும்தான் அவர் மீன் பிடிக்கிற இடம். கரையில் அளந்தால் நியாயமான இடைவெளி இருக்கும், தண்ணீரில் இரண்டு பேரும் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கவாட்டில் காற்று அடித்தால் தேங்கிய தண்ணீரிலும் இதே கதைதான், தூண்டில் நரம்பு வில்லாக வளைந்து பக்கத்து ஆள் பக்கம் போய்விடும்.

சிக்கல் எப்படி விழுகிறது என்று கிட்ட நின்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகப் புரியும். முதல் ஆளின் நரம்பு நேராகக் கிடக்கிறது. புதிதாக வந்தவர் கொஞ்சம் சாய்வாக வீசுகிறார், அவர் நரம்பில் கட்டிய ஈய எடை முதல் ஆளின் நரம்பைத் தாண்டி அந்தப் பக்கம் விழுகிறது. அப்போதைக்கு ஒன்றும் ஆகாது. மேலே கிடக்கிற நரம்பு மெதுவாகத் தண்ணீருக்குள் அமிழ்ந்து கீழே கிடப்பதன் மேல் படுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து முதல் ஆளின் கம்பு நுனி இரண்டு முறை தலையாட்டும், அவர் சுண்டித் தூக்குவார், அதே நொடியில் பக்கத்து ஆளின் நுனியும் வளையும், தனக்கும் மீன் மாட்டியது என்று அவரும் ரீலைச் சுற்ற ஆரம்பிப்பார். இப்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறார்கள், நடுவில் மீன். ஒருவருடையது மெல்லிய பின்னல் நரம்பு, மற்றவருடையது ஒற்றை நைலான் என்றால், இறுக்கத்தில் உரசுகிறபோது பின்னல் நைலானை அறுத்துவிடும். மீன் முள்ளோடும் தொங்குகிற நரம்போடும் போய்ச் சேரும். அப்புறம் கரையில் நடக்கும் பேச்சை நான் இங்கே எழுத முடியாது. இவ்வளவுக்கும் அந்த இரண்டு பேரும் 10 மீட்டர் தள்ளித்தான் நின்றிருப்பார்கள்.

இதற்கு நேர் எதிரான இடம் ஒன்றும் உலகத்தில் இருக்கிறது. அலாஸ்காவில் கீனை ஆறும் ரஷ்யன் ஆறும் கலக்கும் இடத்தில் சாக்கை சால்மன் ஏறி வருகிற பருவத்தில் ஆட்கள் தோளோடு தோள் உரசித்தான் நிற்பார்கள், சண்டை மீன்பிடிப்பு என்றே அதற்குக் கேலிப் பெயர் உண்டு. முழ இடைவெளி இல்லாத அந்த இடத்தில் எப்படி நரம்பு எல்லாம் ஒரே பந்தாகச் சுருண்டு போகாமல் இருக்கிறது? எல்லோரும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்குக் குறுகலாகப் போடுவார்கள், நீரோடு விடுவார்கள், ஒரே தாளத்தில் தூக்குவார்கள். ஒருவருக்கு மீன் மாட்டினால் சத்தம் போட்டுச் சொல்வார், பக்கத்தில் இருப்பவர்கள் நரம்பை மேலே எடுத்து வழி விடுவார்கள், அவர் கரைப் பக்கம் நகர்ந்து மீனை இழுத்துக்கொள்வார். அங்கேயும் சண்டை வராமல் இல்லை, தாளம் தெரியாதவர் ஒருவர் நடுவில் நுழைந்து 30 மீட்டர் வீசினால் அன்றைக்கு அந்த வரிசையே நாறிப்போகும். நெருக்கமாக நிற்பது தானாகவே குற்றமில்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பக்கத்து ஆள் என்ன செய்கிறார் என்று பார்க்காமல் வந்து நிற்பதுதான் குற்றம்.

ஆகவே முதல் விதி: கேட்பது. "அண்ணா, எந்தப் பக்கம் வீசுறீங்க? இந்தப் பக்கம் நான் ஒரு கம்பு போடலாமா?" இரண்டே கேள்வி. இதைக் கேட்க ஏன் இத்தனை பேருக்கு வாய் வரமாட்டேன் என்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. பேசினால் மீன் ஓடிவிடும் என்று ஒரு சாக்கு சொல்வார்கள், அது பெரும்பாலும் சாக்குத்தான். காற்றில் பேசுகிற பேச்சு தண்ணீருக்குள் அவ்வளவாக இறங்காது, மேற்பரப்பில் பட்டு ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். உள்ளே போவது வேறு சத்தம். கரையில் தொம் தொம் என்று நடப்பது, பெட்டியைத் தரையில் பொத்தென்று போடுவது, படகின் அடித்தட்டில் ஈயத்தைத் தவற விடுவது, இவையெல்லாம் மண் வழியாகவும் பலகை வழியாகவும் நேராகத் தண்ணீருக்குள் போகும். தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் மேல். மீனுக்குக் காதும் உண்டு, விலாவில் நீளவாக்கில் ஓடும் பக்கக்கோடு என்ற உறுப்பும் உண்டு, தாழ்ந்த அதிர்வுகளை அது பிடித்துவிடும். அதனால் மெதுவாக நடந்து வந்து சாதாரணக் குரலில் கேட்பவரால் மீனுக்கு ஒன்றுமில்லை. வாயே திறக்காமல் மாடு மாதிரி மிதித்துக்கொண்டு வருபவரால்தான் எல்லாம் கெடும்.

எங்கே நின்று கேட்பது என்பதும் முக்கியம். தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கிற மீனுக்கு வெளியுலகம் முழுவதும் சுமார் 97 பாகை அகலமுள்ள ஒரு வட்டத்துக்குள் அடங்கித்தான் தெரியும், ஒளி விலகலால் வருவது அது. தாழ்வாக, தள்ளி இருக்கிற பொருள்கள் அந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும், உயரமாக விளிம்பில் நிற்பவை நன்றாக உள்ளே வந்துவிடும். எனவே ஒருவர் குந்தி உட்கார்ந்து தெளிந்த, ஆழமில்லாத தண்ணீரில் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவர் பக்கத்தில் வந்து விளிம்பில் நெட்டுக்குத்தாக நின்று "ஏதாவது மாட்டிச்சா?" என்று எட்டிப் பார்ப்பது அவர் காலையிலிருந்து செய்த வேலையை ஒரே நொடியில் கலைப்பது. பின்னால் நாலடி தள்ளி நின்று கேளுங்கள். சூரியன் முதுகுப் பக்கம் இருந்தால் உங்கள் நிழல் எங்கே விழுகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவில் நெற்றி விளக்கைத் தண்ணீர் மேல் அடிக்காதீர்கள், எதிரில் இருப்பவர் கண்ணிலும் அடிக்காதீர்கள்.

கேட்டால் பதில் சொல்கிறவருக்கும் கடமை இருக்கிறது, இதைப் பலகையில் எழுத மறந்துவிடுவீர்களோ என்றுதான் அழுத்திச் சொல்கிறேன். தான் போட்டுக்கொண்டிருக்கிற தண்ணீருக்கு அவர் முடியாது என்று சொல்லலாம், கேட்டவர் முகம் சுளிக்காமல் நகர வேண்டும். போடாத தண்ணீருக்கு முடியாது என்று சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. நேர் எதிரே போடுகிறவர், வலது பக்கம் கிடக்கிற மரக்கட்டையையும் இடது பக்கம் இருக்கிற நாணல் புதரையும் சேர்த்துத் தன்னுடையது என்றால், அதற்கு என்ன அர்த்தம்? "அங்கே அப்புறமா போடுவேன்" என்பது கணக்கில் வராது. அப்புறம் என்பது அப்புறம்தான்.

இங்கேதான் இரண்டாவது விஷயம் வருகிறது, இடம் பிடித்து வைப்பது. பக்கத்தில் வந்து நெருக்குகிறவரை எல்லோரும் திட்டுகிறோம், ஆனால் நெருக்கடி பாதி உண்டாவது இவர்களால்தான். விடியற்காலையில் வந்து நாலு கம்பை ஊன்றி, 20 மீட்டர் கரையை அடைத்துவிட்டு, வண்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறவர் ஒருவர். பெட்டியையும் குடையையும் வைத்துவிட்டு "என் கூட்டாளி வருவான்" என்று மதியம் வரை காவல் காக்கிறவர் இன்னொருவர். வராத கூட்டாளிக்கு இடம் கிடையாது. துண்டு போட்டுப் பிடிக்க இது பேருந்து இருக்கை இல்லை. ஆள் நின்று, நரம்பு தண்ணீரில் கிடந்தால் அது அவர் இடம், நரம்பைச் சுற்றி எடுத்துவிட்டு அரை மணி நேரம் ஊர்க்கதை பேசப் போனால் திரும்பி வரும்போது வேறொருவர் அங்கே இருந்தால் குறை சொல்லக் கூடாது. அவசரமாக ஒதுங்கப் போகிறவரை நான் சொல்லவில்லை, பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் யாரும் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

எண் போட்டே ஆக வேண்டும் என்று உங்கள் கை அரிக்கிறது என்றால், அதை இந்த இடத்தில் போடுங்கள். இங்கிலாந்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது: ஒன்றுக்கு மேல் கம்பு போடுகிறவர், இரண்டு ஓரங்களிலும் இருக்கிற கம்புகளின் அடிப்பாகங்களுக்கு நடுவில் 3 மீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. போட்ட கம்பைக் கவனிக்காமல் விட்டுப் போகவும் கூடாது. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார்கள் பாருங்கள். பக்கத்தில் வருகிறவர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று அது சொல்லவில்லை, ஏற்கெனவே இருக்கிறவர் எவ்வளவு கரையைத் தின்னலாம் என்று சொல்கிறது. வருகிறவரைத் துரத்துகிற மீட்டரைவிட இருக்கிறவரை ஒடுக்குகிற மீட்டர் ஆயிரம் மடங்கு மேல். அதைக் கவனித்துப் பார்ப்பதும் சுலபம், இரண்டு கம்புக்கு நடுவில் நாலு எட்டு வைத்தால் தெரிந்துவிடும்.

"நான் 20 வருஷமா இங்கேதான் போடுறேன்" என்று சொல்கிறவர்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சந்தோஷம். அந்த வருஷங்களில் அவர் கற்றுக்கொண்டது அவருடையது, எந்தக் காற்றுக்கு மீன் எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பது அவருக்குத்தான் தெரியும், அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் காலையில் எட்டு மணிக்கு வந்துவிட்டு ஐந்து மணிக்கு வந்த பையனை எழுந்திரு என்று சொல்ல அது பட்டா ஆகிவிடாது. புதிதாக வருகிற பையன்கள் தெரியாமல்தான் நெருக்கி நிற்கிறார்கள், கூட்டமாக நிற்கிற இடத்தில் மீன் இருக்கும் என்று நினைப்பது இயல்புதானே. கத்தி விரட்டினால் அவன் அடுத்த கரையில் போய் இன்னொருவரைக் கத்தி விரட்டக் கற்றுக்கொள்வான்.

மூன்றாவது, ஓடுகிற தண்ணீரில் முறை வைத்துப் போடுவது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் கொஞ்சம் நீட்டுவேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்டீல்ஹெட் என்ற மீனைப் பிடிக்கிற ஆறுகளில் ஒரு பழக்கம் உண்டு. ஆறு ஓடுகிற ஒரு நீளப் பகுதியின் மேல்முனையில் ஒருவர் இறங்கி ஒரு வீச்சு வீசுவார், நரம்பு நீரோடு வளைந்து கரைப்பக்கம் வந்து சேரும், அடுத்து ஒன்றிரண்டு எட்டு கீழே நகர்ந்து மறுபடி வீசுவார். பின்னால் வருகிறவர் அவருக்கு மேலே, நல்ல இடைவெளி விட்டு இறங்கி, அதே போல நகர்ந்து வருவார். யாரும் ஒரே இடத்தில் வேர் விட்டு நிற்பதில்லை. மீன் பிடித்தவர் கரையேறி, திரும்ப மேலே போய் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்வார். ஏற்கெனவே ஒருவர் இறங்கி வந்துகொண்டிருக்கும்போது அவருக்குக் கீழே, அவர் இன்னும் போடாத தண்ணீரில் போய் இறங்குவதுதான் அங்கே செய்யவே கூடாத காரியம். எத்தனை மீட்டர் கீழே என்று யாரும் கேட்பதில்லை. 50 மீட்டர் கீழே இறங்கினாலும் தப்புத்தான், ஏனென்றால் அவர் அங்கேதான் வந்துகொண்டிருக்கிறார்.

பிழைப்புக்காக மீன் பிடிக்கிறவர்கள் இதை நம்மைவிட நன்றாகச் செய்திருக்கிறார்கள். துருக்கியின் அலன்யா கடற்கரையில் 1970களின் தொடக்கத்தில், சுமார் 100 மீனவர்கள் நல்ல இடத்துக்காக ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்த நிலையில், தாங்களே பலவிதமாகச் செய்து பார்த்து ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். வலை போடுகிற இடங்களுக்கெல்லாம் பெயர் வைத்துப் பட்டியல் போட்டார்கள், ஒரு இடத்து வலை பக்கத்து இடத்துக்கு வர வேண்டிய மீனை மறிக்காத அளவுக்கு இடைவெளி விட்டார்கள். செப்டம்பரில் சீட்டுப் போட்டு ஆளுக்கொரு இடம். அதன் பிறகு ஜனவரி வரைக்கும் தினமும் எல்லோரும் ஒரு இடம் கிழக்கே நகர வேண்டும், ஜனவரிக்குப் பிறகு மேற்கே, மீன் இடம்பெயர்வதும் அப்படித்தான் மாறுகிறது என்பதால். நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் வரும். பொதுச்சொத்தை மக்கள் எப்படிப் பேணுகிறார்கள் என்று ஆராய்ந்து 2009-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் இந்த அலன்யா கதையை எடுத்துக்காட்டாகக் காட்டியிருக்கிறார். அவ்வளவு தூரம் போவானேன், பழவேற்காடு ஏரியில் இறால் பிடிக்கிற ஊர்களில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது, யார் எந்த இடத்தில் எப்போது வலை கட்டலாம் என்று முறை வைத்துச் சுற்றி வருவதுதான் அதன் சாரம். அன்றாடப் பிழைப்பே தண்ணீரில் இருக்கிறவர்கள் வரிசையில் நிற்கிறார்கள், பொழுதுபோக்குக்கு வருகிற நாம் ஒரு மடுவுக்காக முட்டிக்கொள்கிறோம்.

பலகைக்கு இதை எப்படிக் கொண்டுவருவது? எல்லா இடத்துக்கும் முறை தேவையில்லை. ஒரு கசம், ஒரு பாலத்தடி, மதகுக்குக் கீழே நுரைத்து ஓடுகிற இடம் என்று எல்லோரும் போய் மோதுகிற இடங்கள் ஒரு கரையில் இரண்டோ மூன்றோதான் இருக்கும். ஆள் காத்திருந்தால் அந்த இடத்தில் மீன் மாட்டியதும் எழுந்து அடுத்தவருக்கு விட வேண்டும், மீனே மாட்டாவிட்டாலும் ஒரு மணி நேரத்தில் விட வேண்டும் என்று எழுதுங்கள். ஒரு மணி நேரம் என்பது என் கணக்கு, உங்கள் தண்ணீருக்கு எது சரியோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

நல்ல இடத்தைத் தொடர்ந்து அடித்துக்கொண்டே இருந்தால் அந்த இடம் நல்ல இடமாக இருக்காது என்பதையும் யோசியுங்கள். நெதர்லாந்தில் பியூகெமா என்ற ஆய்வாளர் 1970-இல் வெளியிட்ட சோதனைகளில், ஒரே ஒரு முறை முள்ளில் மாட்டிய கெண்டைகள் அதன் பிறகு மாட்டுவது வெகுவாகக் குறைந்தது. பைக் என்ற வேட்டை மீன்களோ சுழன்று மினுக்குகிற பொய் இரையைச் சீக்கிரமே ஒதுக்கக் கற்றுக்கொண்டன, உயிர் மீனை இரையாகப் போட்டபோது அப்படி ஒதுக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து ஒரே மடுவில் ஒரே மாதிரி லூரைக் காலை முதல் மாலை வரை வீசினால் மீன் என்ன நினைக்கும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீருக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுத்துப் போடுவது எல்லோருக்கும் லாபம், நெருக்கி நிற்கிறவருக்கும் சேர்த்துத்தான்.

ஒருவருக்கு மீன் மாட்டிய நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது சின்ன விஷயம், ஆனால் சண்டை அதிகம் வருவது அப்போதுதான். பெரிய மீன் மாட்டி அது பக்கவாட்டில் ஓடுகிறது என்றால் ஓடுகிற பக்கம் இருப்பவர்கள் நரம்பைச் சுற்றி எடுத்துவிட வேண்டும். வேடிக்கை பார்க்கலாம், கத்தி உற்சாகப்படுத்தலாம், ஆனால் அவர் கேட்காமல் கைவலையை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் பாயக் கூடாது, நரம்பைக் கையால் பிடிக்கவே கூடாது. சிக்கிக்கொண்டால் யாருடைய நரம்பை வெட்டுவது? பின்னால் போட்டவருடையதை. அவர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய நரம்பாக இருந்தாலும் சரி. அடுத்தவர் நரம்பைக் கேட்காமல் வெட்டுகிறவரை ஒரு வாரம் கரைப்பக்கமே விடாதீர்கள் என்பேன், நீங்கள் வேண்டுமானால் கருணை காட்டுங்கள். அப்புறம், அவர் மீனை எடுத்த மறு நிமிஷமே அவர் போட்ட அதே புள்ளியில் உங்கள் ஈயத்தைத் தூக்கிப் போடாதீர்கள். எல்லோருக்கும் அந்த ஆசை வரும். அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இனிக் கரையில் நிற்காமலேயே நெருக்குகிறவர்கள். ஒருவர் நம்பிக்கையாக ஒரு இடத்தைக் காட்டிக் கொடுக்கிறார், அடுத்த வாரம் நீங்கள் நாலு பேரோடு போய் அங்கே நிற்கிறீர்கள், அதற்கடுத்த வாரம் அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரோடு வருகிறார்கள், காட்டியவருக்கே உட்கார இடமில்லை. போட்டோ போட்டாலும் இதே கதி. மீனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படத்தில் முதுகுக்குப் பின்னால் பாலத்தின் தூண் தெரியும், எதிர்க்கரை மரம் தெரியும், தெரிந்தவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். போன் கேமராவில் இட அமைப்பு திறந்திருந்தால் எடுத்த இடத்தின் ஆயத்தொலைவு படக்கோப்புக்குள்ளேயே பதிந்து உட்கார்ந்திருக்கும், அப்படியே கோப்பாக அனுப்பினால் வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுத்ததற்குச் சமம். சங்கத்துக் குரூப்பில் படம் போடச் சொல்லி ஊக்கப்படுத்துவது நீங்கள்தான். போடட்டும், மீனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போடட்டும், இடத்தின் பெயர் கேட்டு யாரும் நச்சரிக்கக் கூடாது என்று குரூப் விதியில் சேருங்கள். தானே தேடிக் கண்டுபிடித்த இடத்தை ஒருவர் சொல்லாமல் வைத்துக்கொள்வது கஞ்சத்தனம் இல்லை. இன்னொருவர் சொன்ன இடத்தை அவரைக் கேட்காமல் பரப்புவதுதான் தப்பு.

படகுக்காரர்கள் பற்றி ஒரு வார்த்தை. கரையிலிருந்து போடுகிறவருக்கு வீச்சு தூரம் வரைக்கும்தான் தண்ணீர், படகில் இருப்பவருக்கு மொத்தத் தண்ணீரும் இருக்கிறது. அப்படியிருக்க அவர் நரம்பு விழுகிற இடத்துக்குள் வந்து நங்கூரம் போடுவதும், இன்ஜினை அடித்துக்கொண்டு கரையோரமாக உரசிப் போவதும் கொஞ்சமும் நியாயமில்லை. சுற்றிப் போக இரண்டு நிமிஷம் கூட ஆகாது.

யார் இதையெல்லாம் கண்காணிப்பது என்று கேட்பீர்கள், தீர்மானம் வரும்போது பொருளாளர் கட்டாயம் கேட்பார். தனியாக ஆள் போட வேண்டாம். அலன்யாவில் யாரும் காவலுக்குச் சம்பளம் வாங்கவில்லை. இன்றைக்கு நல்ல இடம் யாருக்கு முறையோ அவரே விடியலில் வந்து நிற்பார், வேறொருவர் ஏமாற்றி அங்கே வலை போட்டால் அவர் சும்மா விடமாட்டார், மற்றவர்களும் அவர் பக்கம்தான் பேசுவார்கள், ஏனென்றால் நாளைக்கு அந்த இடம் அவர்களுக்கு வர வேண்டும். கரையில் நிற்கிறவர்களே பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் கையில் தெளிவான வாசகம் ஒன்று இருந்தால் போதும்.

வாசகத்தையும் எழுதியே தருகிறேன்: "ஏற்கெனவே இருப்பவரிடம் எந்தப் பக்கம் வீசுகிறார் என்று கேட்டுவிட்டு உங்கள் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஆளும் நரம்பும் இருக்கும் வரைதான் இடம், பொருளை வைத்து இடம் பிடிக்காதீர்கள். ஒருவருடைய கம்புகள் எல்லாம் 3 மீட்டருக்குள் இருக்கட்டும். ஓடும் தண்ணீரில் முன்னால் இறங்கியவருக்குக் கீழே இறங்காதீர்கள். ஆள் காத்திருந்தால் ஒரு மீனுக்கு அல்லது ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இடம் விடுங்கள். பக்கத்தில் மீன் மாட்டினால் உங்கள் நரம்பை எடுத்துவிடுங்கள்." இதில் எங்கேயாவது ஓட்டை இருந்தால் சொல்லுங்கள், உட்கார்ந்து திருத்தலாம். படகுக்கான வரியை நான் வேண்டுமென்றே எழுதவில்லை, படகு வைத்திருக்கிற உறுப்பினர்களையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு எழுதுவதுதான் முறை.

இப்படிக்கு,
கரையிலிருந்து போடுகிற ஒரு உறுப்பினன்